எம்.சி. ரோடு பில்லும் எஸ்க்ரோ டாலரும்: வீட்டிலிருந்து டிசைன் வேலை பார்ப்பவருக்கு எது தோது?

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டோடு உட்கார்ந்து டிசைன் வேலை பார்ப்பவருக்கு வருமானத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகள், சவுகார்பேட்டை மொத்த வியாபாரிகள், பாரிமுனை ஆண்டர்சன் தெரு அழைப்பிதழ் கடைகள் ஆகியோர் நேரில் தரும் வேலை. மற்றொன்று, அப்வொர்க், ஃபைவர் போன்ற இணையதளங்கள் வழியாக வெளிநாட்டுக்காரர்கள் தரும் வேலை. இரண்டையும் சில ஆண்டுகள் சேர்த்தே பார்த்துவிட்டு, இப்போது என் நேரத்தில் பெரும்பகுதியை இரண்டாவது வழிக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். டாலரில் கூலி கூடுதல். உள்ளூரில் பேச்சு எளிது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்காரரோடு பேச இரவு ஏழரைக்கு மேல் காத்திருக்க வேண்டும். கடைக்காரரோ மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவார். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்குத் தளத்தில் வேலை கிடைக்காது என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. டிசைனரைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை. கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டு குறுகிய வாக்கியங்களில் பதில் எழுதத் தெரிந்தால் போதும். பொண்ணு பார்க்கப் போன வீட்டில் "மாப்பிள்ளை எந்த கம்பெனி?" என்று கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டியிருப்பது இரண்டு வழிக்கும் பொது.

இவற்றையெல்லாம் தாண்டி, ஒருவரை இந்தத் தொழிலில் நிற்க வைப்பதும் விரட்டுவதும் வசூல்தான். செய்த வேலைக்கான பணம் எப்போது, எவ்வளவு, யாரிடமும் கேட்டு நிற்காமல் கைக்கு வருகிறது என்ற ஒரு கேள்வியை வைத்து இரண்டு வழிகளையும் அளந்தால், மற்ற வேறுபாடுகள் எல்லாம் அதற்குப் பின்னால் போய் நின்றுவிடுகின்றன.

எம்.சி. ரோட்டுக் கடைக்காரர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. அவருடைய பணம் சுற்றும் விதமே அப்படி. ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் சரக்கைக் கடனில் எடுக்கிறார். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று மூன்று பருவங்களில் விற்றுக் காசாக்குகிறார். காசு வந்ததும் சரக்குக்காரருக்கு முதலில் கொடுக்கிறார். கொடுக்காவிட்டால் அடுத்த லோடு வராது. பிறகு கடை வாடகை, ஆள் சம்பளம், மின்கட்டணம். ஃப்ளெக்ஸ் அடித்தவருக்கும் ஓரளவு கிடைத்துவிடும், ஏனென்றால் அவர் பேனரைக் கையில் வைத்துக்கொண்டு காசு கேட்பவர். டிசைனரின் பில் இந்த வரிசையின் வாலில் தொங்குகிறது. ஆடி பேனருக்கான பணத்தை ஆடி கழிந்து கேட்டால் "தீபாவளி சரக்கு இறக்கணும் தம்பி, அது முடியட்டும்" என்பார். தீபாவளி முடிந்து போனால் கணக்குப்பிள்ளை ஊருக்குப் போயிருப்பார். பில்லைக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். மேலே மேலே புதிய தாள்கள் ஏற, நம்முடையது அடிக்குப் போய்க்கொண்டே இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

டிசைனரிடம் பிடித்து வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையா என்றால், கோப்பு இருக்கிறது. மேலே குறுக்காகப் பெயர் போட்ட, தெளிவு குறைந்த ஜேபெக் படத்தை மட்டும் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டு, கோரல்டிராவில் திறக்கக்கூடிய மூலக் கோப்பைப் பணம் வந்த பிறகே தருவது என்று எல்லா டிசைனர்களும் தீர்மானம் போடுகிறோம். ஆனால் இரவு பத்து மணிக்கு ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து போன் வரும்: "மெஷின் காலியா இருக்கு, ஃபைல் அனுப்பினா இப்பவே ஓட்டிடுவேன், இல்லன்னா நாளைக்கு சாயங்காலம்தான்." விடிந்தால் கடையில் தள்ளுபடி தொடக்கம். கடைக்காரர் "என்னண்ணே, நான் எங்க ஓடிப்போகப் போறேன், தெனமும் பாக்குற மூஞ்சிதானே" என்பார். அந்த வாக்கியத்துக்கு எதிராக எந்தத் தீர்மானமும் நிற்பதில்லை. கோப்பு போன நொடியில் நம்முடைய பிடியும் போய்விடுகிறது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உத்யம் என்ற அரசுப் பதிவு இலவசம். வீட்டிலிருந்து தனியாக வேலை பார்ப்பவரும் குறுந்தொழில் என்று பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்தவரின் பில்லை, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் தீர்க்க வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதற்கு இன்னொரு பல்லையும் வைத்தது: குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதைக் குறித்த கெடுவுக்குள் தராத வியாபாரி, அதை அந்த ஆண்டின் செலவாகக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது, எந்த ஆண்டில் கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். முறையாகக் கணக்குத் தணிக்கை செய்யும் பெரிய கடைகளில் இந்த விதி வேலை செய்கிறது. மார்ச் மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்தே போன் போட்டு "உத்யம் நம்பர் இருக்கா, பாக்கி எவ்வளவு" என்று கேட்கிறார்கள். ஆனால் துண்டுத்தாளில் கணக்கு வைத்திருக்கும் சின்னக் கடைக்காரரிடம் சட்டப் பிரிவைச் சொன்னால் என்ன ஆகும்? இதற்கான அரசு இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம், பணமும் ஒருநாள் வரலாம். ஆனால் அதே தெருவில் அடுத்த கடை நமக்கு வேலை தராது. சில ஆயிரம் ரூபாய் பில்லுக்காகத் தெருவையே பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

இனி தளத்துக்கு வருவோம். அப்வொர்க்கில் மொத்தக் கூலி பேசிச் செய்யும் வேலையானால், கிளையன்ட் அந்தத் தொகையையோ அதன் முதல் தவணையையோ வேலை தொடங்கும் முன்பே எஸ்க்ரோ என்ற பொதுக் கணக்கில் கட்டிவிடுகிறார். பணம் அவர் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை. வேலையை முறைப்படி ஒப்படைத்த பிறகு அவர் பார்த்துச் சம்மதித்தால் பணம் விடுவிக்கப்படும். அவர் வாயே திறக்காமல் இருந்தாலும் 14 நாள் கழித்துத் தானாக விடுவிக்கப்படும். அதன்பின் 5 நாள் பாதுகாப்பு இடைவெளி, பிறகு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். மணிக்கணக்குக் கூலியானால் கணினியில் ஒரு செயலி ஓடிக்கொண்டிருக்கும். அவ்வப்போது திரையைப் படம் எடுத்து நாம் வேலை பார்த்ததற்குச் சான்றாக வைத்துக்கொள்ளும். வாரம் ஞாயிறோடு முடிந்தால், அதிலிருந்து பத்தாம் நாளான புதன்கிழமை பணம் எடுக்கக் கிடைக்கும். திரையைப் படமெடுப்பது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படங்கள்தான் நாளை கிளையன்ட் "இவ்வளவு நேரம் ஆகியிருக்காது" என்று தகராறு செய்தால் நமக்காகப் பேசுகின்றன, எம்.சி. ரோட்டில் நான் பார்த்த கரெக்‌ஷன்களுக்கு அப்படி ஒரு சாட்சி ஒருபோதும் இருந்ததில்லை.

ஆடிக்குச் செய்த வேலைக்கு எப்போது பணம் என்று தெரியாமல் இருப்பதற்கும், இந்த வாரம் செய்த வேலைக்கு எந்தப் புதன்கிழமை பணம் என்று தெரிந்திருப்பதற்கும் உள்ள தூரத்தை, மாதம் பிறந்ததும் வாடகை கொடுப்பவரிடம் விளக்க வேண்டியதில்லை. மேலும், அந்தப் பணம் முழுவதும் வங்கி வழியாக வருவதால் வருமான வரிக் கணக்கில் ஏறுகிறது. வண்டிக் கடனோ வீட்டுக் கடனோ கேட்கும்போது வங்கி மேலாளர் கேட்பது அந்தக் கணக்கைத்தான். கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்த ரொக்கத்துக்கு அவரிடம் மதிப்பில்லை.

இந்த நிம்மதிக்கு விலை உண்டு, சிறிய விலையும் இல்லை. அப்வொர்க்கின் தரகு 2023 மே மாதத்துக்கு முன் ஒவ்வொரு கிளையன்டிடமும் முதல் 500 டாலருக்கு 20 விழுக்காடாக இருந்தது. பிறகு எல்லோருக்கும் 10 விழுக்காடு ஆனது. 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு வேலையைப் பொறுத்து 0 முதல் 15 விழுக்காடு வரை மாறுகிறது. ஃபைவரில் 20 விழுக்காடு. இதன்மேல் அப்வொர்க்கில் ஒவ்வொரு வேலைக்கும் விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் அந்தக் காசு போனதுதான். டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விகிதத்தைவிடச் சற்றுக் குறைத்தே தருவார்கள். எல்லாம் கழிந்து 100 டாலர் வேலைக்கு 85 டாலர் அளவுக்குக் கையில் நின்றால் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் நான் கூலி கேட்கிறேன். "பதினஞ்சு பர்சென்ட் கமிஷனா?" என்று மலைக்கும் நண்பர்களிடம், வராமல் போன பில்களையும், அவற்றைக் கேட்டு நடந்த பொழுதுகளையும் கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன். என் கணக்கில் அந்தத் தொகை தரகைவிடப் பெரியதாகவே வந்தது.

தரகைவிடக் கடினமானது தொடக்கம். ரேட்டிங் இல்லாத புதியவருக்கு முதல் வேலை கிடைப்பதற்குள் பொறுமை சோதிக்கப்பட்டுவிடும். அந்த மாதங்களில் அடுப்பெரிய வைத்தது உள்ளூர் வேலைதான் என்பதை மறைக்கக் கூடாது. முதல் வேலைக்கு அலையும் அந்தக் காலத்தில்தான் மோசடிக்காரர்களும் வருவார்கள். டெலிகிராமில் பேசலாம் வா என்பவர், வேலை தருவதற்கு நம்மிடமே முன்பணம் கேட்பவர், எஸ்க்ரோவில் கட்டாமல் "தொடங்கிவிடு, வெள்ளிக்கிழமை கட்டுகிறேன்" என்பவர் ஆகிய மூவருக்கும் "முடியாது" என்ற ஒரே பதில்தான் உண்டு. மூன்றாமவர் எம்.சி. ரோட்டுக்காரரின் வெளிநாட்டுத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் இன்னொரு குறை, அதற்கு நம் ஊர் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. உள்ளூர்க் கடைக்காரரிடம் கெடு தள்ளிப்போனதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. அவர் கடையிலேயே முட்டியளவு தண்ணீர். ஆனால் வேறொரு கண்டத்தில் இருப்பவருக்கு, பேசிக்கொண்டிருந்த டிசைனர் திடீரென்று காணாமல் போனார் என்பது மட்டுமே தெரியும். அவர் மனம் நொந்து குறைத்துப் போடும் நட்சத்திரம் தளத்தில் உள்ள நம் பக்கத்தில் பல மாதம் நிற்கும். சாதாரண நாள்களுக்கு இன்வெர்ட்டரும், கேபிள்காரர் இணைப்புக்குத் துணையாக வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவும் போதும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால் சமாளித்துவிடலாம். புயலுக்கு மட்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது. எச்சரிக்கை வந்த அன்றே எல்லா கிளையன்டுக்கும் எழுதி வைத்துவிடுவதைத்தான் இப்போது வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். தளம் நம் கணக்கை முடக்கிவிட்டால் முறையிட ஒரு முகம் கிடையாது என்பதும் உண்மை. எனக்கு இதுவரை அது நேராததால், நேர்ந்தவர்களின் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடக்கூடும்.

தளத்தைத் தாண்டி வெளிநாட்டுக் கிளையன்டை நேரடியாகப் பிடிப்பது மூன்றாவது வழி. தரகு இல்லை, கூலியும் கூடுதல் என்பதால் பலர் இதையே இலக்காகச் சொல்கிறார்கள். இதில் என் அனுபவம் சொற்பம். இரண்டு விஷயங்களை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். தளத்தில் சந்தித்தவரை வெளியே இழுத்துக்கொண்டு போவதை அப்வொர்க்கின் விதி இரண்டு ஆண்டுகளுக்குத் தடுக்கிறது; மாட்டினால் கணக்கு போகும். பேபாலில் வந்த பணம் வங்கிக்கு வந்துவிட்டாலும் முடிந்த கதை ஆகாது. பணம் கொடுத்தவர் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம். ஆக, வசூல் என்ற அளவுகோலில் இந்த வழி எனக்கு எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. கடைக்காரரையாவது நேரில் போய்ப் பார்க்கலாம்.

உள்ளூர் வேலையே போதும் என்று இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. டிசைனை மட்டும் விற்காமல், அச்சடித்துக் கொடுப்பதையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் நிலைமை மாறிவிடுகிறது. அச்சகம் அட்வான்ஸ் இல்லாமல் தொடாது என்பது வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அட்வான்ஸ் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். மீதிப் பணம் வரும்வரை அச்சடித்த கட்டும் நம் கையில் இருக்கும். நான் ஆண்டர்சன் தெரு வழியாக வரும் கல்யாணப் பத்திரிகை வேலையை இன்றுவரை விடாமல் வைத்திருப்பதும் இதனால்தான். முகூர்த்த தேதி யாருக்காகவும் தள்ளிப்போகாது, சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்ற அவசரம் பெண் வீட்டாருக்கு இருக்கும், பத்திரிகைக் கட்டை வாங்கிப்போக வரும் பெரியவர் மீதித் தொகையை மஞ்சள் தடவிய கவரில் போட்டு எடுத்து வந்துவிடுவார். வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்தம் கூடும் மாதங்களில் தளத்தில் மணிக்கணக்கைக் குறைத்துக்கொள்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் முழுநேரமும் டாலர் வேலைதான்.