பேப் ரூத், டெட் வில்லியம்ஸ், பேரி பாண்ட்ஸ்: பேஸ்பால்ல எல்லா காலத்துக்கும் பெரிய ஹிட்டர் யாரு?

பேஸ்பால்ல பெரிய ஹிட்டர் யாருன்னு பேச்சு ஆரம்பிச்சா அஞ்சே நிமிஷத்துல ஒருத்தர் 714ன்னுவாரு, இன்னொருத்தர் 762ன்னுவாரு, மூணாவது ஆள் 406ன்னு சொல்லிட்டு கைய கட்டிட்டு உக்காந்துருவாரு. மூணுமே நிஜமான நம்பர்தான். ஆனா முதல் ரெண்டும் ரூத்தும் பாண்ட்ஸும் வாழ்நாள்ல அடிச்ச ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால அடிக்கறது, நம்ம சிக்ஸர் மாதிரி) கணக்கு, மூணாவது வில்லியம்ஸோட ஒரு சீசன் பேட்டிங் ஆவரேஜ், அதாவது 0.406, அதனாலதான் இந்தச் சண்டை எத்தனை வருஷம் ஆனாலும் தீர மாட்டேங்குது.

கிரிக்கெட் பாத்து வளந்த நமக்கு ஒரு விஷயம் முதல்ல பிடிபடணும், இந்த ஆட்டத்துல பத்துக்கு மூணு தடவை ஹிட் (அடிச்சு பத்திரமா பேஸ்க்கு போறது) அடிச்சாலே ஸ்டார், அதாவது 0.300. பந்து போடற பிட்சர் நிக்கற இடத்துக்கும் பேட்டர் நிக்கற ஹோம் ப்ளேட்டுக்கும் நடுவுல 60 அடி 6 அங்குலம், 90 மைல் வேகத்துல பந்து வந்தா சுமார் 0.4 செகண்ட்ல உங்ககிட்ட வந்துரும், அதுக்குள்ள இது எல்லைக்குள்ள வர்ற ஸ்ட்ரைக்கா, வெளிய போற பாலா, ஃபாஸ்ட்பாலா வளையுற பந்தா, அடிக்கணுமா விடணுமான்னு எல்லாத்தையும் முடிவு பண்ணியாகணும். அதனால என் அளவுகோல் ரெண்டே ரெண்டு. ஒண்ணு, எத்தனை தடவை அவுட் ஆகாம தப்பிச்சு பேஸ்க்கு போனாரு. ரெண்டு, பந்தைத் தொட்டப்ப எவ்ளோ சேதம் பண்ணாரு. இந்த ரெண்டையும் சேத்து, அவர் ஆடுன வருஷத்தோட சராசரி ஆளை 100ன்னு வச்சு கணக்கு போடறதுதான் ஓபிஎஸ் ப்ளஸ். அதுல ரூத் 206, வில்லியம்ஸ் 191, பாண்ட்ஸ் 182. அந்த நம்பர்ப்படி பாத்தா ரூத்துதான், பேச்சே தேவையில்ல. ஆனா அந்த 206 எந்த மாதிரி ஆளுங்களுக்கு எதிரா வந்துச்சுங்கறதையும் பாக்கணும்.

ரூத்தைப் பத்தி சொல்லணும்னா 1920ல ஆரம்பிக்கணும். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை யாங்கீஸுக்கு வித்துட்டாங்க, அதுக்கு முன்னாடி அவர் நல்ல பிட்சர், பாஸ்டனுக்கு 89 ஆட்டம் ஜெயிச்சுக் குடுத்தவரு. நியூயார்க் வந்த முதல் சீசன்லயே 54 ஹோம் ரன். அந்த வருஷம் அவருக்கு அடுத்து வந்த ஜார்ஜ் சிஸ்லர் அடிச்சது 19. மேஜர் லீக்கோட ரெண்டு பிரிவுல ஒண்ணான அமெரிக்கன் லீக்ல யாங்கீஸ் தவிர மத்த எந்த டீமும் எல்லா பேட்டரும் சேர்ந்துகூட 54 தொடல. அடுத்த வருஷம் 59, 1927ல 60. ஒரு ஆட்டத்தை எப்படி ஆடணும்ங்கறதையே மாத்திட்டாரு மனுஷன், அதுவரைக்கும் டை காப் மாதிரி பந்தை லேசா தட்டி ஓடுறதுதான் கலைன்னு நினைச்சுட்டிருந்தாங்க. 1920ல எச்சில் தடவிப் போடற ஸ்பிட்பாலுக்கு தடை வந்துச்சு, அதே ஆகஸ்ட்ல ரே சாப்மன்ங்கற பேட்டர் தலையில பந்து பட்டு இறந்தப்புறம் அழுக்குப் பந்தை உடனே மாத்தணும்னு ஆச்சு, இது ரெண்டும் பேட்டருக்கு உதவுனது உண்மை. ஆனா அந்த உதவி எல்லாருக்கும்தான் கிடைச்சது, 54 அடிச்சது ஒருத்தர்தான்.

அப்ப ஏன் தயங்கறேன்? ரூத் ஆடுன 1914லேர்ந்து 1935 வரைக்கும் மேஜர் லீக்ல ஒரு கறுப்பினப் பிட்சர்கூட கிடையாது. அவங்களை உள்ளயே விடல. ராத்திரி ஆட்டமும் 1935லதான் முதல்முதலா நடந்துச்சு, அதுவரைக்கும் எல்லாமே பகல் வெளிச்சம்தான், ஸ்டார்ட் பண்ண பிட்சரே பெரும்பாலும் களைச்சுப்போயி ஒன்பதாவது இன்னிங்ஸ் வரைக்கும் போடுவாரு. இது ரூத்தோட தப்பு இல்ல, அவர் முன்னாடி நின்னவங்களைத்தான் அவர் அடிக்க முடியும். ஆனா சமகாலத்தோட சராசரி ஆளைவிட எவ்ளோ மேலன்னு கணக்கு போடறப்ப அந்த சராசரி ஆளே யாருன்னு கேக்கறது நியாயம்தானே.

பாண்ட்ஸுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. டொமினிகன் ரிபப்ளிக், வெனிசுவேலா, ஜப்பான், கொரியான்னு உலகம் பூரா இருந்து வந்த பிட்சர்கள், ஏழாவது இன்னிங்ஸ்க்கு மேல வந்து 95 மைல்ல போடற ஃப்ரெஷ்ஷான கைங்க, எல்லாத்தையும் பாத்தவரு. 2004 சீசன எடுத்துக்குங்க. 232 வாக் (நாலு பால் ஆனா அடிக்காமலே முதல் பேஸ்க்கு போறது), அதுல 120 எதிரணி வேணும்னே குடுத்தது. அவருக்கு முன்னாடி இருந்த வேணும்னே குடுத்த வாக் ரெக்கார்டு வில்லி மெக்கோவியோட 45, அதை அவரே 2002ல 68 ஆக்கி, அப்புறம் 120 ஆக்குனாரு. ஆன்பேஸ் 0.609, அதாவது பத்து தடவை பேட்டிங் வந்தா ஆறு தடவை பேஸ்க்கு போயிட்டாரு, ஒரு முழு சீசனுக்கு! அவ்ளோ நேரம் சும்மா நின்னு வாக் வாங்கிட்டு எப்பவாவது வர்ற ஒரு நல்ல பந்துக்கு காத்திருந்து அதையும் விடாம அடிச்சு 45 ஹோம் ரன், மூணு ஸ்ட்ரைக் ஆகி வெளிய போற ஸ்ட்ரைக் அவுட் வெறும் 41. 1998 மே மாசம் அரிஸோனா டீம் ஒன்பதாவது இன்னிங்ஸ்ல, மூணு பேஸ்லயும் ஆள் நிக்கறப்ப, 8-6ன்னு முன்னிலையில இருந்தும் இவருக்கு வேணும்னே வாக் குடுத்து ஒரு ரன்னை தூக்கிக் குடுத்தாங்க. பாண்ட்ஸ அடிக்க விடறதைவிட ஒரு ரன் குடுக்கறது பரவால்லன்னு ஒரு மேனேஜர் முடிவு பண்ணாரு, அது சரியாவும் வந்துச்சு, அடுத்த ஆளை அவுட் பண்ணி அரிஸோனா ஜெயிச்சிட்டாங்க.

பாண்ட்ஸ் பேரை எடுத்தாலே ஸ்டீராய்டு பேச்சு வரும். ஊக்கமருந்து சப்ளை பண்ணதா பால்கோ கம்பெனி மேல வந்த வழக்கு, 2003ல கிராண்ட் ஜூரி விசாரணை, தெரிஞ்சு எதுவும் எடுத்ததில்லைன்னு அவர் சொன்னது, 2011ல நீதிக்கு இடையூறு பண்ணதா வந்த தீர்ப்பு 2015ல ரத்தானது, பெரிய ஆட்டக்காரங்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்கு 75 சதவீதம் ஓட்டு வேணும்ங்கறப்ப 2022ல கடைசி வாய்ப்புல 66 சதவீதத்துல நின்னது. ஒண்ணு மட்டும் தெளிவா சொல்றேன், 1998 முடியறப்பவே அவருக்கு 411 ஹோம் ரன், 445 ஸ்டீல் (பந்து போடறப்பவே அடுத்த பேஸ்க்கு ஓடிப் பிடிக்கறது), மூணு எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது) இருந்துச்சு, அந்த ஆள் எந்தக் காலத்துலயும் பெரிய ஆட்டக்காரர்தான். ஆனா எல்லாத்தையும் மிஞ்சற அந்த 2001லேர்ந்து 2004 வரைக்குமான பாண்ட்ஸ் மேல என்னால மனசார கை வைக்க முடியல.

இப்ப வில்லியம்ஸ். அவர் ஆடுன பாஸ்டன் ரெட் சாக்ஸோட மைதானம் ஃபென்வே பார்க் போயிருக்கீங்களா? ரைட் ஃபீல்டு பக்கம் பச்சை சீட்டுங்க வரிசை வரிசையா ஏறிப்போகும், அதுக்கு நடுவுல மேல எங்கயோ ஒத்த சீட்டு மட்டும் சிவப்பா இருக்கும். செக்‌ஷன் 42, வரிசை 37, சீட் 21. 1946 ஜூன் 9ஆம் தேதி வில்லியம்ஸ் அடிச்ச பந்து அங்க உக்காந்திருந்த ஒருத்தரோட வைக்கோல் தொப்பி மேல போயி விழுந்துச்சு, 502 அடி. நான் ஏறிப்போயி அந்த சீட்டுகிட்ட நின்னு திரும்பிப் பாத்தேன். அங்கேர்ந்து ஹோம் ப்ளேட் உள்ளங்கை அளவுதான் தெரியுது, பேட்டர் ஆணா பொண்ணான்னுகூட சொல்ல முடியாது, பேட்டுல பந்து படற சத்தம் கண்ணால பாத்ததுக்கு அப்புறம்தான் காதுக்கு வருது. அங்க நின்னு பாத்தாதான் 502ங்கறது என்னன்னு உடம்புக்குப் புரியும்.

ஆனா நான் அவரை முன்னாடி வைக்கறது அந்த ஒரு அடிக்காக இல்ல. 1941 செப்டம்பர் 28, சீசனோட கடைசி நாள், ஃபிலடெல்ஃபியால ஷைப் பார்க்ல ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம். முந்தின நாள் நாலுக்கு ஒண்ணுதான் அடிச்சதால 448க்கு 179, அதாவது 0.39955. ரவுண்டு பண்ணா 0.400ன்னு ரெக்கார்டுல ஏறியிருக்கும். வேணும்னா உக்காந்துக்கோன்னு மேனேஜர் ஜோ க்ரோனின் சொன்னாரு, 23 வயசுப் பையன் மாட்டேன்னுட்டான். எட்டு தடவை அடிக்கறதுல மூணுதான் கிடைச்சிருந்தா 0.399ன்னு இறங்கி நாநூறு போயிருக்கும், அவ்ளோ மெல்லிய கோடு. முதல் ஆட்டத்துல அஞ்சுக்கு நாலு, அதுல ஒரு ஹோம் ரன். அதோட நாநூறு உறுதியாயிடுச்சு, அப்பவும் ரெண்டாவது ஆட்டத்துல இறங்குனாரு, மூணுக்கு ரெண்டு, அதுல ஒரு அடி ரைட் சென்டர்ல இருந்த லவுட்ஸ்பீக்கர் ஹார்ன்லயே போயி மோதுச்சு. முடிவுல 0.406. அன்னைக்கி ரூல்ல, கேட்ச் ஆனாலும் ஒரு ரன் வரவைக்கற சாக்ரிஃபைஸ் ஃப்ளைகூட அவுட்டாத்தான் கணக்குல வரும், இன்னைக்கி ரூல் இருந்திருந்தா இன்னும் கூடியிருக்கும். 1941க்கு அப்புறம் அமெரிக்கன் லீக்லயும் சரி நேஷனல் லீக்லயும் சரி ஒருத்தரும் அந்தக் கோட்டை தாண்டல, டோனி க்வின் 1994ல 0.394ல இருந்தப்ப வீரர்களோட வேலைநிறுத்தம் வந்து சீசனே நின்னுடுச்சு, அது எனக்கு இன்னைக்கும் ஆறாத மனக்குறை.

வில்லியம்ஸோட வாழ்நாள் ஆன்பேஸ் 0.482, ரூத்தோடது 0.474. வாக் 2,021, ஸ்ட்ரைக் அவுட் வெறும் 709, ரூத்துக்கு அதுவே 1,330. 521 ஹோம் ரன் அடிக்கற சக்தி உள்ள ஆளு இவ்ளோ கம்மியா ஸ்ட்ரைக் அவுட் ஆகறதுதான் எனக்கு மூச்சு நின்னு போற விஷயம். அதுவும் 1943, 44, 45ன்னு மூணு முழு வருஷம் உலகப்போர்ல போச்சு, அப்புறம் கொரியாப் போர்ல 39 தடவை சண்டை விமானத்துல பறந்து 1952, 53ல பெரும்பகுதி போச்சு. 24, 25, 26 வயசுங்கறது ஒரு ஹிட்டருக்குப் பொன்னான வயசு, அதைக் குடுத்துட்டு வந்த அடுத்த சீசன்லயே, 1946ல, எம்விபி. 39 வயசுல, 1957ல, 0.388. இன்னும் அஞ்சே அஞ்சு ஹிட் கிடைச்சிருந்தா மறுபடி நாநூறு.

குறையே இல்லன்னு சொல்லல. எதிரணி மேனேஜர் லூ புட்ரோ 1946ல ஃபீல்டர்களை எல்லாம் ரைட் சைடுக்கு நகத்துனப்ப காலியா கிடந்த லெஃப்ட் சைடுல தட்டிவிட்டு ஓடறதுக்கு வில்லியம்ஸ் லேசுல ஒத்துக்கல, பிடிவாதக்காரர். சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற வேர்ல்டு சீரிஸ்ல அவர் ஆடுனது ஒரே தடவை, அதுல 25க்கு அஞ்சு, டீமும் தோத்துச்சு. ரூத்துக்கு வேர்ல்டு சீரிஸ்ல மட்டும் 15 ஹோம் ரன் இருக்கு. பெரிய மேடையில யாருன்னு கேட்டா ரூத்து பேரைத்தான் சொல்லணும்.

ஹாங்க் ஆரன சொல்லாம விட்டா பாவம். 755 ஹோம் ரனையும் கழிச்சுட்டாக்கூட 3,016 ஹிட் மிஞ்சும். ரூத்தோட 714ஐ நெருங்கறப்ப கொலை மிரட்டல் கடிதம் மூட்டை மூட்டையா வந்துச்சு, அதோடதான் 1974 ஏப்ரல் 8 அட்லாண்டால 715ஐ அடிச்சாரு. மன உறுதிக்கு அவருக்கு மேல ஆள் இல்ல. ஆனா உச்சம்னு பாத்தா மேல சொன்ன மூணு பேருக்கு ஒரு படி கீழதான்.

ஆக என் வரிசை வில்லியம்ஸ், ரூத், பாண்ட்ஸ். இதுல ஒரு இடத்தை நான் வேணும்னே காலியா வச்சிருக்கேன், அது ஜாஷ் கிப்சனுக்கு. 2024 மே மாசம் மேஜர் லீக் நிர்வாகம் கறுப்பின வீரர்களுக்குன்னு அப்ப தனியா இருந்த நீக்ரோ லீக் கணக்குகளை அதிகாரபூர்வமா சேத்தப்ப வாழ்நாள் ஆவரேஜ்ல 0.372னு டை காப்பைத் தாண்டி முதல் இடம், அடியோட பலத்தைக் காட்டற ஸ்லக்கிங்ல 0.718னு ரூத்தோட 0.690ஐயும் தாண்டி முதல் இடம். அதுவும் கேட்சர், முட்டி போட்டு உக்காந்து எழுந்து தேயற வேலை அது. அவங்க லீக் சீசன் சின்னது, மிச்ச நாள்ல ஊர் ஊரா போயி ஆடுவாங்க, பல ஆட்டத்தோட ஸ்கோர் ஷீட்டே கிடைக்கல, அதனால மத்தவங்களோட நேருக்கு நேர் வச்சுப் பாக்க நம்மகிட்ட போதுமான கணக்கு இல்ல. 1947 ஜனவரில 35 வயசுல இறந்துட்டாரு. மூணே மாசத்துல ஜாக்கி ராபின்சன் ப்ரூக்ளின்ல இறங்கி கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீக் கதவைத் திறந்தாரு.

1966ல வில்லியம்ஸ ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்க. கூப்பர்ஸ்டவுன் மேடையில தன்னோட நாள்ல நின்னுக்கிட்டு, நீக்ரோ லீக் பிட்சர் சேட்சல் பேஜையும் ஜாஷ் கிப்சனையும் இங்க ஒருநாள் பாக்கணும்னு கேட்டாரு, வாய்ப்பே குடுக்காததாலதான் அவங்க இங்க இல்லன்னும் சொன்னாரு. அவர் ஆடுன ரெட் சாக்ஸ்தான் கறுப்பின வீரரைச் சேத்துக்கிட்ட கடைசி டீம், 1959ல. பேஜ் 1971ல உள்ள வந்தாரு, கிப்சன் 1972ல, இறந்து 25 வருஷம் கழிச்சு.