ஓப்பன்ஃபோம் பல வருஷப் பயன்பாடு: "உலகமே சிமுலேஷன்" என்பதை நான் ஏன் நம்பவில்லை

சேலத்தைச் சுற்றியுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு உலர்த்தி செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். வெயில் அடித்தால் களத்திலேயே காய்ந்துவிடும். மழைக்காலத்துக்குத்தான் சூடான காற்று வேண்டும். அந்தக் காற்று உள்ளே எப்படி ஓடும் என்று பார்க்க ஓப்பன்ஃபோம் பயன்படுத்துகிறேன். 2004-ல் திறந்த மூலமாக வந்த மென்பொருள், காசு கிடையாது. பட்டன்களைத் தட்டி வேலை வாங்க முடியாது, எல்லாம் உரைக் கோப்புதான். பழகிவிட்டால், காற்று எந்த மூலையில் தேங்கும் என்பதைத் தகடு வெட்டும் முன்பே காட்டிவிடும். தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

பட்டறைத் தம்பி ஒருவன், "அண்ணா, இந்த உலகமே ஏதோ கணினியில் ஓடும் ஒரு சிமுலேஷன்தானாம்" என்றான். தினமும் சிமுலேஷன் ஓட்டுகிறவனுக்கு அதை ஏற்பது கடினம்.

காற்றைக் கட்டம் கட்டமாக வெட்டித்தான் மென்பொருள் கணக்கிடும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்கு ஆகும். கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும் என்பதால் வேலை 16 மடங்கு. அதனால்தான் சின்னச் சுழல்களை நாங்கள் கணக்கிடுவதே இல்லை, கே-எப்சிலான் என்ற தோராயத்தை வைத்துச் சமாளிக்கிறோம். இத்தனைக்கும் இது வெறும் காற்று. அணு மட்டத்துக்குப் போனால் இன்னும் மோசம்: 300 எலக்ட்ரான் ஸ்பின்களின் (ஒவ்வொன்றும் அளந்தால் மேல் அல்லது கீழ் என்று காட்டும் பண்பு) நிலையை முழுதாக எழுதி வைக்க 2-ன் 300-ஆம் அடுக்கு எண்கள் தேவை. நம் கண்ணுக்கெட்டும் பிரபஞ்சத்தில் அத்தனை அணுக்களே இல்லை.

"பார்க்கும் இடத்தை மட்டும் வரைந்தால் போதுமே" என்பார்கள். சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை பூமிக்கடியில் உருவாகி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதை யார், எங்கே உடைத்து அளந்தாலும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தத்தைக் காப்பாற்றவே பெரும் கணக்கு வேண்டுமே, சேமிப்பு எங்கே?

இந்தப் பேச்சுக்கு அடிப்படையாகச் சொல்லப்படும், தத்துவவாதி நிக் பாஸ்ட்ரம் 2003-ல் எழுதிய கட்டுரை இதைவிட நிதானமானது. மனித இனம் இப்படி ஓர் உலகையே சிமுலேஷனாக ஓட்டும் திறனை எட்டுமுன் அழியும், அல்லது எட்டியும் முன்னோர்களைச் சிமுலேஷனாக ஓட்டாது, அல்லது நாம் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறோம். மூன்றில் ஒன்றாவது உண்மை என்பதுதான் அவர் வாதம். கேள்விப்படுகிறவர்கள் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, வெளியுலகின் இயற்பியலே வேறு, அங்கே கணக்குக்குப் பஞ்சமில்லை என்று சொல்லலாம். ஆனால் பாஸ்ட்ரம் வாதத்தில் வரும், எத்தனை சிமுலேஷன் ஓட்ட முடியும் என்ற எண்ணிக்கையெல்லாம் நம் உலகின் கணினி எவ்வளவு வளரும் என்பதிலிருந்து போட்டது. வெளியே விதி வேறு என்றால் அந்த எண்ணிக்கைக்கு அடித்தளமே இல்லாமல் போகிறது.