மலைக்குப் போக ஃபோர் வீல் டிரைவ் அவசியமா?

2023 ஜனவரியில் மஹிந்திராவின் தார் ஜீப்பில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடல் வந்தது. அப்போது ஆரம்ப விலை 10 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. அன்றிலிருந்து தார் வாங்க நினைப்பவர்கள் கேட்பது இதைத்தான்: "அடிக்கடி ஊட்டி, கொடைக்கானல் போவோம். நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல்தானே சரி?"

அதற்கு மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்பதைவிட, தரை டயருக்குப் பிடி கொடுக்கிறதா என்று பாருங்கள். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் நல்ல ரோடு. பின் சக்கரத்தால் மட்டுமே இழுக்கும் அரசுப் பேருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் மேலே போகிறது. மழையில் பிரேக் அடித்து நிற்பதற்கும் ஃபோர் வீல் உதவாது. பிரேக் எல்லா காரிலும் நான்கு சக்கரத்துக்கும் உண்டு, அங்கே காப்பாற்றுவது தேயாத டயர்தான்.

காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் போடுவது கெடுதலும்கூட. தார், மாருதி ஜிம்னி இரண்டிலும் ஃபோர் வீல் லிவரைத் தள்ளினால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்றியாக வேண்டும், பூட்டு விடாது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி திணறும், டயர் கீச்சிட்டுத் துள்ளும். அந்த முறுக்கமெல்லாம் எஞ்சின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ் தலையில்தான் விழும்.

இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் கார்களுக்குள்ளும் ஒரு வித்தியாசம் உண்டு. ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால், முன் சக்கரம் இழுக்கும் கார் சரளைக் கல்லில் சுற்றிக்கொண்டே நிற்கும். பின் சக்கரம் இழுக்கும் தாருக்கு இங்கே பிடி அதிகம்.

சரி, ஃபோர் வீல் எங்கே வேண்டும்? சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் கல் பாதை, கடற்கரை மணல், மழையில் சகதியாகும் தோட்டத்துப் பாதை. இங்கெல்லாம் மாற்றுப் பேச்சே கிடையாது. ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவிசையோடு சுற்றும் கியர்) போட்டால் வண்டி நடை வேகத்தில் கல்மேல் ஏறும். இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைப் போட்டு மிதிக்க வேண்டியதில்லை. மணலில் மட்டும் டயர் காற்றையும் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் நான்கு சக்கரமும் சேர்ந்து புதையும்.

உங்கள் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ அப்படிப் பாதை இருந்தால் ஃபோர் வீலே வாங்குங்கள். இல்லையென்றால் பின் சக்கர மாடல் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் போடலாம். ஃபோர் வீல் வாங்குபவர்கள் மாதம் ஒருமுறையாவது மண் பாதையில் அதைப் போட்டு ஓட்டுங்கள். தொடாமலே விட்டால், தேவைப்படும் அன்று லிவர் விழாமல் போகலாம்.