சுகர் உள்ளவரை நடக்க வைப்பது எது: ஆப்பா, வாட்ஸ்அப்பா, ஜூம் வகுப்பா?

சுகர் என்று தெரிந்ததும் எல்லா டாக்டரும் சொல்வது "வாக்கிங் போங்க". போகாமல் இருக்கச் சென்னையில் காரணத்துக்கா பஞ்சம்? சித்திரையில் வெயில், ஐப்பசியில் முழங்கால் தண்ணீர், வருஷம் பூராவும் தெருநாய். அதனால்தான் செல்போன் வழியாக உடம்பை அசைக்க வைக்கும் திட்டங்களுக்கு இங்கே இவ்வளவு கிராக்கி. எதில் சேர்ந்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு நாள் செய்யாமல் விட்டால், ஏன் என்று கேட்க ஆள் இருக்கிறதா?

அடி எண்ணும் ஆப்பில் அது இல்லை. ஏற்கெனவே மெரினாவிலோ நாகேஸ்வரராவ் பூங்காவிலோ நடப்பவருக்கு அது நல்ல துணை, செலவும் இல்லை. ஆனால் அந்த 10,000 அடி இலக்கு, 1960களில் ஜப்பானில் பெடோமீட்டர் என்ற அடி எண்ணும் கருவியை விற்றவர்கள் கிளப்பிவிட்டது. டாக்டர்கள் சொல்லும் கணக்கு வேறு: வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, தொடர்ந்து 2 நாளுக்கு மேல் விடக்கூடாது. தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதன் பலன் ஓரிரு நாள்தான் நிற்கும், அதற்காகத்தான் இந்த விதி. ஞாயிற்றுக்கிழமை 15,000 அடி போட்டுவிட்டு வாரம் முழுக்க சோபாவில் கிடந்தாலும் ஆப் பதக்கம் கொடுத்துவிடும். இன்னொன்று, புடவைக்கு ஏது பாக்கெட்? அம்மாக்கள் நாள் முழுக்க வீட்டுக்குள் நடப்பார்கள், போன் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும்.

ஆப்பில் எனக்குப் பிடித்தது அலாரம் மட்டும். சாப்பிட்டவுடன் அடிக்கிற மாதிரி வைக்கலாம். 2016இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், ஒரே மூச்சில் 30 நிமிடம் நடந்ததைவிட மூன்று வேளையும் சாப்பிட்ட பின் 10 நிமிடம் நடந்தபோது சர்க்கரை ஏற்றம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பலன் அதிகம். மொட்டை மாடி போதும்.

குறுஞ்செய்தியை லேசாக நினைக்க வேண்டாம். சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், சுகர் எல்லையில் நின்ற 537 ஆண்களில் ஒரு பாதிக்கு உணவு, உடற்பயிற்சி பற்றி மொபைலில் செய்தி அனுப்பினார்கள். 2 ஆண்டில் செய்தி பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாதவர்களில் 27 பேருக்கும் சுகர் வந்தது. ஆய்வு தொடங்கும்போது அவர்கள் சுகர் இல்லாதவர்கள், செய்தியும் பழக்கத்தை மாற்ற ஆள் எவ்வளவு தயார் என்று பார்த்து அனுப்பியது என்பதை மறக்கக் கூடாது. நம் அபார்ட்மெண்ட் குரூப்பில் வரும் ரோஜாப்பூ குட்மார்னிங்கும் பாகற்காய் வைத்தியமும் அந்தக் கணக்கில் சேராது.

என் ஓட்டு ஜூம் நேரலை வகுப்புக்கு. பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போன், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலி, உட்கார்ந்து எழும் பயிற்சி. "லட்சுமிம்மா, கையை ஊன்றாம எழுந்திருங்க" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் பயிற்சியாளர். இரண்டு நாள் வரவில்லை என்றால் போன் வருகிறது. வாரம் 2, 3 நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். அதை அடி எண்ணும் ஆப் சொல்லித் தராது. பதிவு செய்த வீடியோவை மட்டும் அனுப்பிவிட்டு 'வகுப்பு' என்று காசு வாங்கும் இடங்களும் உண்டு. அதற்கு யூடியூப் போதுமே, காசு எதற்கு?

ஆன்லைனே இல்லாமலும் இது நடந்திருக்கிறது. சென்னை ஏசியாட் காலனியில் டாக்டர் வி.மோகன் குழுவின் விழிப்புணர்வுக்குப் பிறகு, குடியிருப்பவர்களே பணம் போட்டுப் பூங்கா கட்டினார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் நூற்றுக்கு 14 பேரிலிருந்து 59 ஆனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார் என்றால் கால் தானாக நடக்கும் போல!

பூங்கா பக்கத்தில் இருந்து, கூட நடக்க ஆளும் இருந்தால் ஆப் போதும். வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள், முட்டி வலிக்காரர்கள் நேரலை வகுப்பில் சேரலாம். கண்ணில் ரத்தக்கசிவு, பாதம் மரத்துப்போவது போன்றவை இருந்தால் முதலில் டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். இன்சுலினோ கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள், பணம் கட்டும் முன் பயிற்சியாளரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: நடுவில் சர்க்கரை ரொம்ப இறங்கி, கை நடுங்கி வியர்த்தால் என்ன செய்வது? "தண்ணி குடிச்சிட்டு தொடருங்க" என்றால் வேறு இடம் தேடலாம். உடனே நிறுத்தி 3 டீஸ்பூன் சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையை மறுபடி சோதிக்கச் சொன்னால் சேரலாம்.