வாரத்துக்கு ஒன்றா, தினம் ஒன்றா? மலேரியா தடுப்பு மாத்திரை அலசல்

உகாண்டாவில் ஜிஞ்சா பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் 4 மாத பாய்லர் வேலை. கிளம்புவதற்கு முன் விசாவைவிட அதிகம் யோசிக்க வைத்தது மலேரியா தடுப்பு மாத்திரைதான். பழைய மலேரியா மாத்திரையான குளோரோகுயின் அங்கே எடுபடாது. ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி அதற்கு எப்போதோ பழகிவிட்டது. வழக்கமாகத் தருபவை மூன்று: அட்டோவாக்குவோன்-புரோகுவானில், மெஃப்ளோகுயின், டாக்ஸிசைக்ளின். டாக்டரிடம் பேசி நான் எடுத்துக்கொண்டது டாக்ஸி.

முதலாவதான அட்டோவாக்குவோன்-புரோகுவானில்தான் மூன்றிலும் சாது. வயிற்றுவலி, தலைவலி, சிலருக்கு வாய்ப்புண், அவ்வளவுதான். கிருமி கல்லீரலில் இருக்கும்போதே பிடித்துவிடுவதால் ஊர் திரும்பி 7 நாள் போட்டால் போதும். மற்ற இரண்டும் கிருமி ரத்தத்துக்கு வந்த பிறகுதான் வேலை செய்யும். அதனால் திரும்பிய பிறகும் 4 வாரம் விடக்கூடாது. ஆனால் விலை! சுமார் 130 மாத்திரைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதோடு சரி.

மெஃப்ளோகுயின் வாரத்துக்கு ஒன்று, மற்ற இரண்டும் தினம் ஒன்று. டாக்ஸி எனக்கு 150 வேண்டும் என்றால், இது 24 போதும். ஆசை வரத்தான் செய்தது. இதை நான் விழுங்கியதில்லை. அறையில் கூடவே தங்கியிருந்த கோயம்புத்தூர்க்காரர் விழுங்கினார். மூன்றாவது வாரத்திலிருந்து கெட்ட கனவு, காரணமில்லாத படபடப்பு. பிறகு தலைசுற்றல். பாய்லர் மேடை ஏணியில் நிற்பவருக்குத் தலைசுற்றினால் என்ன ஆகும்? ஐந்தாவது மாத்திரையோடு நிறுத்தி, டாக்டர் அவரையும் டாக்ஸிக்கு மாற்றிவிட்டார். கனவு மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் விடவில்லை.

நான் முடிவெடுத்ததும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்: தொல்லை வந்தால், எத்தனை நாளில் போகும்? மெஃப்ளோகுயின் உடம்பில் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நிறுத்தி ஒரு மாதமானாலும் கால் பங்குக்கு மேல் உள்ளே இருக்கலாம். தலைசுற்றல், தடுமாற்றம், காதிரைச்சல் ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கலாம், நிரந்தரமாகவும் தங்கிவிடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-ல் மருந்துக் குறிப்பிலேயே கட்டம் போட்டு எச்சரித்தது. மனச்சோர்வோ வலிப்போ இருந்தவர்கள் தடுப்புக்காக இதைத் தொடவே கூடாது. பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கினால், ஒத்துக்கொள்ளவில்லை என்பது பெரும்பாலும் ஊரிலேயே தெரிந்துவிடும். நம்ம கோயம்புத்தூர்க்காரர் தொடங்கியது விமானம் ஏறிய வாரம்.

டாக்ஸி ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும். நான்கைந்து நாளில் ஏறக்குறைய காலி. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாரம் ஒன்று போடுகிறவர் ஒரு நாள் தாமதித்தால் தாங்கும்; டாக்ஸியில் ஒரு நாள் மறந்தால் அன்றைக்குக் காவலை நம்ப முடியாது. நான் போனில் அலாரம் வைத்தும் இரண்டு முறை மறந்தேன். நல்லவேளை, கொசுவலையை மறக்கவில்லை.

டாக்ஸியும் சும்மா விடவில்லை. முதல் வாரம் படுக்கப்போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டேன். மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டது போல. இரண்டு நாள் எச்சில் விழுங்கவே எரிந்தது. எரிச்சலுக்கு ஆன்டாசிட் (வயிற்று அமில மருந்து) குடித்தால் அது டாக்ஸியை உடம்பில் சேரவிடாது என்பது தனிக் கூத்து. பால் டீயோடும் சேர்க்கக் கூடாது. அப்புறம் காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருந்தேன், தொல்லை நின்றது. வெயில் தொல்லைதான் நிற்கவில்லை; டாக்ஸி போட்டால் தோல் வெயிலைத் தாங்காது. நிலநடுக்கோட்டு வெயிலில் அரைக்கைச் சட்டையோடு ஒரு மதியம் நின்றதற்கு முழங்கைக்குக் கீழே தோல் சிவந்து உரிந்தது.

கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தடுப்புக்கு டாக்ஸி ஆகாது. கர்ப்பிணி அப்படிப்பட்ட ஊருக்குப் போயே ஆக வேண்டுமென்றால் டாக்டர்கள் எடுப்பது பெரும்பாலும் மெஃப்ளோகுயினைத்தான். அங்கே என் கணக்கு செல்லாது.

இரண்டு வாரப் பயணம் என்றால் அடுத்த முறை காசைப் பார்க்காமல் அட்டோவாக்குவோன்-புரோகுவானிலை வாங்குவேன். மாதக்கணக்கு என்றால் மறுபடியும் டாக்ஸிதான், முழுக்கைச் சட்டையோடு.