தீவில் அறை என்று 412 யூரோ வாங்கினார்கள், அறை தீவிலேயே இல்லை: லிண்டாவ் போகிறவர்கள் கவனம்

ஜெர்மனியின் தெற்கு எல்லையிலுள்ள போடன்சே ஏரிக்கு, அதிலும் பழைய நகரம் ஒரு தீவில் இருக்கும் லிண்டாவுக்குப் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு இரவுக்கு 412 யூரோ கட்டினேன். நம்ம ஊர்ப் பணத்தில் கிட்டத்தட்ட நாற்பதாயிரம் ரூபாய். ஒரு மணி நேரம்கூட அந்த அறையில் தங்கவில்லை, ஒரு சென்ட்கூடத் திரும்பி வரவில்லை. எழுதும்போதே கை நடுங்குகிறது.

நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி. காலையில் போய் இரவில் திரும்பிவிடக்கூடிய ஊர்தான் லிண்டாவ். ஆனால் அவரால் அப்படி ஓட முடியாது. துறைமுக வாயிலில் ஒரு பக்கம் ஆறு மீட்டர் உயரக் கல் சிங்கம், எதிரே 33 மீட்டர் கலங்கரை விளக்கம், இரண்டும் 1856-இல் கட்டி முடித்தவை. நடுவே படகுகள் நுழையும், ஏரிக்கு அந்தப்பக்கம் ஆல்ப்ஸ் மலை. இதையெல்லாம் அம்மா விடியற்காலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தீவுக்குள் தங்கினால் எல்லாமே நடக்கிற தூரம். அதற்காகத்தான் தீவில் அறை தேடினேன், விலை கூடுதல் என்றாலும் பரவாயில்லை என்று.

எல்லோரும் பயன்படுத்துகிற ஒரு விடுமுறை வீட்டு வாடகைத் தளம் அது. விளம்பரத்தில் ‘தீவு, பழைய நகரம், துறைமுகம் அருகே’ என்று போட்டிருந்தார்கள். படங்களில் சிங்கம், கலங்கரை விளக்கம், சுவரோவியங்கள் நிறைந்த பழைய நகர மன்றம். வரைபடத்தில் ஒரு பெரிய வட்டம் மட்டும்தான். சரியான முகவரி பணம் கட்டிய பிறகே காட்டுவார்களாம். அதனால் உரிமையாளரிடம் நேராகவே எழுதிக் கேட்டேன்: வீடு தீவில்தானா, அம்மாவால் அதிகம் நடக்க முடியாது, மாடிப்படியும் ஏற முடியாது என்று. சில நிமிடங்களிலேயே பதில் வந்தது. ‘ஆமாம், தீவுதான். துறைமுகத்துக்கு ஐந்து நிமிடம். லிஃப்ட் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும், அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.’ முன்பின் தெரியாத ஒருவர் அம்மாவைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதுகிறாரே என்று நெகிழ்ந்து போய், அப்போதே 412 யூரோவைக் கட்டினேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் முகவரி வந்தது. ட்செஹ் என்ற பகுதி. ஏரிக்கரையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி இருக்கிறது. தீவிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர். லிண்டாவ் என்றால் தீவு மட்டுமல்ல, நகராட்சியில் பெரும்பாலானவர்கள் கரைப்பகுதிகளில்தான் வாழ்கிறார்கள். தீவுக்கும் கரைக்கும் ஒரே அஞ்சல் குறியீடு, 88131. இந்த ஓட்டையை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள்.

தளத்தின் உதவி எண்ணில் அழைத்தேன். நேரில் போய்ப் பார்த்தால்தான் புகாரை எடுக்க முடியும் என்றார்கள். போனோம். மூன்றாவது மாடி, லிஃப்ட்டே கிடையாது. அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்து, ‘விடும்மா, திரும்பிப் போயிடலாம்’ என்றார். துறைமுகம் வரை போகக்கூட அவருக்குத் தெம்பில்லை. அன்று இரவே மியூனிக் திரும்பினோம்.

அதன்பின் பதில்களைக் கேளுங்கள். முதலில் ஏதோ இயந்திரம் பேசியது. அடுத்தவர், ‘முகவரியில் லிண்டாவ் என்றுதானே இருக்கிறது’ என்றார். இன்னொருவர், ‘ஐந்து நிமிடம் நடந்து என்று அவர் சொல்லவில்லையே’ என்றார். லிஃப்ட்? ‘பழுதுபார்க்கும் வேலை நடக்கிறதாம்.’ இல்லாத லிஃப்ட்டை எப்படிப் பழுதுபார்ப்பார்கள்? கடைசியில், நீங்கள் தங்காமல் போனது உங்கள் விருப்பம், 412 யூரோ திரும்பக் கிடைக்காது, புகார் முடிக்கப்பட்டது என்று இரண்டு வரியில் மின்னஞ்சல். உரிமையாளரோ ஒரு வார்த்தை பேசவில்லை. விளம்பரத்தில் ‘தீவு’ என்ற சொல்லை மட்டும் ஓசைப்படாமல் நீக்கிவிட்டார். நல்லவேளை, பழைய பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தேன்.

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. தெருவின் பெயரைச் சொல்லாதவர்களிடம் பணம் கட்டாதீர்கள். ‘ஸ்டேஷன் பக்கம்’ என்றால் எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள்: லிண்டாவ்-இன்செல் தீவில் இருக்கிறது, லிண்டாவ்-ரொய்ட்டின் கரையில் இருக்கிறது, மியூனிக்–சூரிச் விரைவு ரயில்கள் ரொய்ட்டினில்தான் நிற்கும். கோடையில் நோபல் அறிஞர்களின் கூட்டம் நடக்கும் வாரத்தில் தீவில் அறை கிடைப்பது கஷ்டம், அப்போது இன்னும் எச்சரிக்கை. முடிந்தால் தீவிலுள்ள ஹோட்டலுக்கே நேரடியாகப் போன் செய்யுங்கள். விளம்பரத்தையும் பேச்சையும் படம் பிடித்து வையுங்கள். கார்டில் மட்டும் கட்டுங்கள். 412 யூரோவுக்காக என் வங்கியில் முறையிட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.