பேஜ்மேக்கரில் கட்டிய புத்தகங்களை இன்டிசைனுக்குக் கொண்டுவந்த அனுபவம்

"ஏம்மா, பழைய ஃபைல் உன்கிட்ட இருக்குல்ல? அதத் தெறந்து அப்படியே பிரஸ்ஸுக்கு அனுப்பிடு."

2019 ஜனவரியில் பதிப்பாளர் ஐயா போனில் சொன்னது இது. 2004இல் நான் பக்கம் கட்டிய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு ஒன்று மூன்றாம் பதிப்புக்கு வந்திருந்தது. மொத்தம் 192 பக்கம். ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம், மின்னூலுக்கும் ஒரு கோப்பு கொடுத்துவிடு என்றார். மூலக் கோப்பு சிடியில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நூலை அச்சுக்கு அனுப்ப எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளில் கற்றதையும் அதன் பிறகு பட்டறிந்ததையும், இதே வேலையில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் 1999இல் மதுரையில் ஒரு டிடிபி சென்டரில், அதாவது கணினியில் நூல்களுக்குப் பக்கம் கட்டித் தரும் இடத்தில், வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எங்களுக்கு டிடிபி என்றாலே பேஜ்மேக்கர்தான். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் மேக் கணினிக்காகக் கொண்டுவந்த மென்பொருள். 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. நான் பழகியது 6.5. 2001இல் 7.0 வந்தது, அதற்கு மேல் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. இன்றைக்குக் குறை சொல்கிறவர்கள் பலர் உண்டு. எனக்கு அது மிகப் பிடித்த மென்பொருள். 64 எம்பி நினைவகம் உள்ள கணினியில் 300 பக்க நூலைத் தாங்கியது. ஸ்டோரி எடிட்டரைத் திறந்து கடகடவென்று திருத்தம் போடலாம்.

சென்டரை நடத்திய அண்ணனுக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்து ஃப்ளாப்பியிலோ சிடியிலோ ஏற்றியதும், உறைமேல் மார்க்கரில் நூலின் பெயரோடு அதில் பயன்படுத்திய ஃபாண்டுகளின் பெயரையும் எழுதுவார். சில சமயம் ஃபாண்ட் கோப்பையே உள்ளே போட்டுவிடுவார். "ஃபைல் மட்டும் போதாதும்மா" என்பார். இது எதற்கு வெட்டி வேலை என்று அந்த வயதில் நினைத்திருக்கிறேன்.

சரி, 2019க்கு வருவோம். பேஜ்மேக்கர் இருந்த எக்ஸ்பி கணினி போய்விட்டது. 2004இல் பிடிஎஃப் எடுத்து வைக்கும் பழக்கமும் எங்களுக்கு இல்லை. பட்டர் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்து பிரஸ்ஸில் கொடுப்போம், அவர்கள் பிளேட் போட்டுக்கொள்வார்கள். ஆகவே கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். அடோபியின் இன்னொரு பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். அதற்கடுத்த சிசி பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மென்பொருள்களுக்கு இடையில் இருந்த பாலம் அது. அதைத் தூக்கியபோது எத்தனை ஊர்களில் எத்தனை அலமாரி நூல்கள் மறுகரையில் நின்றுபோயின என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. நல்லவேளையாக நண்பர் ஒருவரிடம் சிஎஸ்6 உள்ள பழைய கணினி இருந்தது.

திறந்தது. முதலில் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்று வந்தது. அப்புறம் பக்கமெல்லாம் இளஞ்சிவப்புப் பட்டை. அந்த ஃபாண்ட் கணினியில் இல்லை என்று பொருள். சிடியிலேயே ஃபாண்ட் இருந்ததால் நிறுவினேன். பட்டை மறைந்து தமிழ் வந்தது. பக்க எண்ணைப் பார்த்தால் 197.

அச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இதன் வலி புரியும். 16 பக்கம் ஒரு பாரம். 192 பக்கம் என்றால் சரியாக 12 பாரம். ஐந்து பக்கம் கூடினால் பதின்மூன்றாவது பாரம் ஒன்று போட வேண்டும், அதில் பாதிக்கு மேல் வெற்றுத் தாள். பின்னாலிருந்த பெயர் அடைவில் உள்ள பக்க எண்கள் அத்தனையும் தப்பாகிவிடும்.

ஏன் கூடியது? இரண்டு காரணம் கண்டுபிடித்தேன். பேஜ்மேக்கர் ஒரு வரியை முடித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகும். இன்டிசைனின் பாராகிராஃப் கம்போசர் பத்தி முழுவதையும் சேர்த்துப் பார்த்து எங்கே உடைப்பது என்று முடிவெடுக்கும். அழகுக்கு அதுதான் நல்லது, ஆனால் பழைய வரியமைப்பு போய்விடும். சிங்கிள் லைன் கம்போசருக்கு மாற்றியதும் 194 ஆனது. அடுத்தது வரி இடைவெளி. பேஜ்மேக்கரில் நாங்கள் இயல்பிருப்பாக ப்ரொபோர்ஷனல் லீடிங் வைத்திருந்தோம், அது வரிக்கான இடத்தை எழுத்துக்கு மேலும் கீழுமாகப் பங்கிடும். இன்டிசைன் எழுத்துகள் உட்காரும் கோட்டை (பேஸ்லைன்) வைத்துக் கணக்கிடுகிறது. பெட்டியின் மேல்விளிம்பிலிருந்து முதல் வரி நிற்கும் இடமே மாறியது. கடைசி வரி கீழே பிதுங்கி, சின்னச் சிவப்புக் கூட்டல் குறியாக நின்றது. பெட்டிகளின் உயரத்தைச் சரிசெய்து, அத்தியாயம் அத்தியாயமாகப் பழைய அச்சு நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டு 192க்குக் கொண்டுவர ஆறு நாள்.

அச்சுக் கோப்பு இப்படி முடிந்தது. மின்னூலுக்குப் பழைய ஃபாண்ட் உதவாது, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடு வேண்டும். உண்மையான பாடு இங்கேதான்.

பழைய தமிழ் ஃபாண்டுகளில் பல, ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. பாமினி என்ற ஃபாண்டில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக அடித்தால் திரையில் 'தமிழ்' என்று தெரியும். கோப்புக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும்தான். ஃபாண்டை எடுத்துவிட்டால் தமிழே இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு இருக்கை வரிசை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என இரண்டு குறியீட்டு முறைகளைத் தரப்படுத்தியது. டாப் முறையில் ஆங்கில எழுத்துகள் தத்தம் இடத்திலேயே இருக்கும். எங்கள் கதைத் தொகுப்பு டாப் ஃபாண்டில் இருந்தது என் அதிர்ஷ்டம். இன்டிசைனிலிருந்து பாடத்தை டேக்டு டெக்ஸ்டாக (ஸ்டைல் குறிகளோடு கூடிய வெறும் உரையாக) எடுத்து, என்எச்எம் கன்வர்ட்டர் என்ற குறியீடு மாற்றும் மென்பொருளில் மாற்றினேன். பத்தி ஸ்டைல் குறிகள் ஆங்கிலத்தில் இருப்பதால் சேதமில்லாமல் தப்பித்தன. பாமினிக் கோப்பில் இதே வேலையைச் செய்தால் அந்தக் குறிகளும் தமிழாக மாறிக் குழம்பிவிடும். அவற்றுக்கு வெறும் பாடத்தை மட்டும் மாற்றிவிட்டு, தலைப்பு, உள்தலைப்பு எல்லாவற்றையும் கையால்தான் திரும்பப் போடுகிறேன்.

மாற்றியதைப் படித்தபோது எல்லாம் சரியாகத் தெரிந்தது. மெய்ப்புப் பார்த்தவரும் சரி என்றார். நான்காம் நாள், ஒரு கதையைத் தேட 'பௌர்ணமி' என்று அடித்தேன். ஒன்றுகூட இல்லை என்றது. கண்ணெதிரே மூன்று பௌர்ணமி இருக்கிறது! பழைய ஃபாண்டுகள் பலவற்றில் ஔகாரத்தின் பின்பாதிக்குத் தனி வடிவம் கிடையாது. ளகரத்தையே போட்டு ஒப்பேற்றினோம். ஆகவே கன்வர்ட்டர் அதை ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக 'பெளர்ணமி' என்றே மாற்றியிருந்தது. மௌனம், கௌரவம் எல்லாம் இதே கதி. தாளில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். தேடினால் கிடைக்காது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் பிழையாகப் படிக்கும். அதற்காக மொத்தமாக மாற்றவும் முடியாது. வெள்ளம், தெளிவு, பெளவம் மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள்: முதல் இரண்டில் இருப்பது உண்மையான ளகரம், மூன்றாவதில் இருப்பது ஔகாரம். ஒவ்வொன்றாகத்தான் நிறுத்தி நிறுத்தி மாற்ற வேண்டும். 192 பக்கத்துக்கு இரண்டு முழு நாள்.

இதைவிட மோசமான ஒன்றையும் பார்த்தேன். வெளிநாட்டில் இருந்த எழுத்தாளர் ஒருவர் டிஸ்கி என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் தட்டச்சு செய்து அனுப்பிய பழைய கட்டுரை நூல். பேஜ்மேக்கரில் அழகாக இருந்தது. இன்டிசைனில் 'இந்த' என்பது 'ந்த' ஆகிவிட்டது, 'இல்லை' என்பது 'ல்லை'. நூல் முழுவதும் இகரத்தைக் காணோம். டிஸ்கியில் 'இ' இருந்த இடத்தின் எண் 173. பொதுக் கணினிக் கணக்கில் 173 என்பது சொல்லை உடைக்கும் இடத்தைக் குறிக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறுகோடு. இன்டிசைன் அதை எழுத்தாக மதிக்காமல் சிறுகோடாகவே எடுத்துக்கொண்டது. டிஸ்கியின் 1.7 பதிப்பில் இகரத்துக்கு 254 என்ற வேறு இடமும் கொடுத்தார்கள். இந்த நூல் அதற்கு முந்தியது. அப்புறம் மூல உரையிலேயே 173ஐ 254ஆக மாற்றிவிட்டு, அந்த இடம் உள்ள ஃபாண்டைப் போட்டதும் இகரம் திரும்பி வந்தது. வந்த அந்த நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

யுனிகோடுக்கு மாறிய பிறகும் ஒரு தடை உண்டு. இன்டிசைனின் வழக்கமான கம்போசருக்குத் தமிழ் தெரியாது. 'கெ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிஎஸ்6இலிருந்து ஸ்கிரிப்ட் பலகத்தில் இண்டிக் பிரிஃபரன்சஸ் என்று ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறை ஓட்டினால் போதும். ஏற்கெனவே உள்ள ஆவணத்தில் பத்தி ஸ்டைலுக்குள் போய் கம்போசரை மாற்றுங்கள். இதைத் தெரியாமல் 'இன்டிசைனில் தமிழ் உடைகிறது' என்று யுனிகோடையே கைவிட்ட சென்டர்களை நான் அறிவேன். இன்றும் அவர்கள் பழைய ஃபாண்டில்தான் புது நூல்களைச் செய்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து யாரோ ஒருவர் மறுபடி இதே பதினெட்டு நாளைச் செலவழிக்கப்போகிறார்.

இன்டிசைனுக்கும் இன்டிசைனுக்குமே ஒத்துப்போவதில்லை என்பது தனிக் கதை. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. என்னிடம் சந்தா பதிப்பு. நான் அனுப்பும் பிரஸ் ஒன்றில் சிஎஸ்6. ஒவ்வொரு முறையும் ஐடிஎம்எல் ஆக, அதாவது பழைய பதிப்பும் திறக்கக்கூடிய இன்டிசைன் மாற்று வடிவமாக, எடுத்துக் கொடுக்கிறேன். 2008இல் சிஎஸ்4 வந்தபோது அறிமுகமான வடிவம் அது. உள்ளே இருப்பது சுருக்கிக் கட்டிய எக்ஸ்எம்எல் கோப்புகள், அதாவது குறிகளோடு கூடிய வெறும் உரைக் கோப்புகள். பக்கம் கட்டும் வேறு மென்பொருள்களில் அஃபினிட்டி பப்ளிஷர் 1.8 பதிப்பிலிருந்து இதைத் திறக்கிறது, ஸ்கிரைபஸும் திறக்கிறது. இந்தத் தொழிலில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்றாக இதைச் சொல்வேன்.

பக்கம் கட்டும் இன்னொரு மென்பொருளான குவார்க் எக்ஸ்பிரஸின் கோப்புகள் எனக்கு அதிகம் வருவதில்லை. வந்த இரண்டு மூன்றில் தெரிந்துகொண்டது: இன்டிசைன் திறப்பது குவார்க் 3.3, 4.1 கோப்புகளை மட்டும். அதற்குப் பிந்தியவற்றைக் குவார்க்கிலேயே படிப்படியாகக் கீழிறக்கிச் சேமித்தால்தான் வரும். மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரில் பள்ளி மலர், கோயில் மலர் செய்து வைத்திருப்பவர்கள் உடனே கவனிக்க வேண்டும். 2026 அக்டோபரோடு அதற்கு ஆதரவு முடிகிறது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் இருப்பவர்கள் அதன் பிறகு அந்தக் கோப்புகளைத் திறக்கவே முடியாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது.

கட்டற்ற மென்பொருள்களை இந்த ஐந்தாறு ஆண்டில் அதிகம் நாடுகிறேன். லிப்ரே ஆஃபீஸ் ட்ரா பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். பப்ளிஷரையும் பழைய குவார்க்கையும் திறக்கும். டாக்குமெண்ட் லிபரேஷன் என்ற திட்டத்தில் உழைத்த தன்னார்வலர்களின் கொடை அது. லே-அவுட் அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாடத்தை மீட்க முடிகிறது, அதுவே பெரிது. சிஎஸ்6 கிடைக்காதவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான். 2024 ஜனவரியில் வந்த ஸ்கிரைபஸ் 1.6இல் தமிழ் ஒழுங்காக விழுகிறது. அதில் சிறு கவிதை நூல்கள் மூன்று செய்தேன். நீண்ட நூலுக்கு இன்டிசைன் அளவு வேகம் இல்லை. ஆனால் அதன் கோப்பு வெறும் எக்ஸ்எம்எல். எந்த நிறுவனம் கடையைக் கட்டினாலும் சாதாரண நோட்பேடில் திறந்து உரையை எடுத்துவிடலாம்.

இப்போது ஒரு நூல் முடிந்தால் ஒரே உறைக்குள் ஐந்தைப் போடுகிறேன்: மூலக் கோப்பு, ஐடிஎம்எல், அச்சுக்குப் போன பிடிஎஃப், யுனிகோடில் வெறும் பாடம், உரிமத்தோடு ஃபாண்டுகள். அரை மணி நேர வேலை. பதிப்பாளரிடமும் ஒரு படி கொடுத்துவிடுகிறேன்.

அண்ணன் 2021இல் காலமானார். சென்டரைக் காலி செய்தபோது அண்ணி பழைய சிடிகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். "இதெல்லாம் உனக்குத்தாம்மா புரியும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். சில சிடிகள் மேல்பூச்சு உரிந்து படிக்க முடியாமல் போய்விட்டன. போன வாரம் எடுத்தது 2002இல் செய்த குழந்தைப் பாடல் தொகுப்பு. திறந்ததும் வழக்கம்போலப் பக்கமெல்லாம் இளஞ்சிவப்பு. உறையைத் திருப்பினேன். நீல மார்க்கர் கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனால் மூன்று ஃபாண்ட் பெயர்களையும் படிக்க முடிந்தது.